வினாகிரிப் போத்தலில் இருந்து படச்சுருள் வரை: அசற்றிக் அமிலம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர் வாசிகசாலையில் அசற்றிக் அமிலம் பற்றிப் பேசினேன். பேச்சு அரை மணித்தியாலம்தான். கேள்விகள் இருட்டும் வரைக்கும் போயின. சிலர் துண்டுக் கடுதாசியில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே சொன்ன பதில்களையும், நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். 31 வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் என்பதால் இடையிடையே கணக்கு வரும். வேண்டாதவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம்.

ரீச்சர், குசினியில் இருக்கிற வினாகிரியும் கடையில் விற்கிற அசற்றிக் அசிற்றும் ஒன்றுதானா? ஒன்றென்றால் அசிற்றை வாங்கித் தண்ணீர் கலந்து பாவிக்கலாமே, மலிவாக வருமே. (உரும்பிராய் அக்கா ஒருவர்)

பொருள் ஒன்றுதான் அக்கா, செறிவுதான் வேறு. வினாகிரிப் போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 4 அல்லது 5 கிராம் அமிலம் இருக்கும். மிச்சம் தண்ணீர். கடையில் வரும் செறிந்த அசற்றிக் அமிலத்தில் 99 வீதத்துக்கு மேல் அமிலமே. முன்னது அச்சாறுக்கு விடுவது. பின்னது தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம், ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும். அதோடு அது தீப்பற்றும் திரவம். கிட்ட நெருப்பு இருந்தால் ஏறத்தாழ 39 பாகை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீயைப் பிடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு வருவது எங்களுக்குப் புதிதல்ல.

தண்ணீர் கலந்து சமையலுக்கு எடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தொழிற்சாலைத் தேவைக்கு என்று வரும் அமிலம் சாப்பாட்டுக்கென்று சுத்திகரித்ததல்ல. இன்னொரு காரணம் என் சொந்த அனுபவம். எங்கள் உறவுக்குள் ஒரு விசேஷ வீட்டில், சமையலுக்கு வந்தவர் செறிந்த அமிலத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருந்தார். ஏழு வயதுப் பையன் தண்ணீர் என்று நினைத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டான். பிள்ளை தப்பிவிட்டான். ஆனால் மாதக்கணக்காகக் கஞ்சியைத் தவிர வேறொன்றும் தொண்டையால் இறங்கவில்லை. அதனால்தான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்: குடிக்கிற போத்தலில் அமிலத்தை ஊற்றாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட.

தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதன் மூலர்த்திணிவு 60 என்று படித்தோம். ஆனால் பென்சீனில் கரைத்து அளந்தால் 120 வருகிறது என்று ஒரு வினாவில் இருந்தது. பிழையா? (உயர்தர மாணவன், கொக்குவில்)

பிழையில்லைத் தம்பி, அருமையான வினா. இரண்டு காபன், நான்கு ஐதரசன், இரண்டு ஒட்சிசன், கூட்டினால் 60. ஆனால் இந்த மூலக்கூறுகள் தனியாக நிற்க விரும்புவதில்லை. ஒன்றின் ஓஎச் பக்கத்து ஐதரசன் மற்றதன் இரட்டைப் பிணைப்பு ஒட்சிசனைப் பிடிக்கும். மற்றதும் அப்படியே திருப்பிப் பிடிக்கும். இரண்டு ஐதரசன் பிணைப்புகளோடு ஒரு வளையம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இரண்டு கைகளையும் கோத்துக்கொண்ட மாதிரி. பென்சீன் அந்தப் பிடியைக் குலைக்காது, ஆகவே 120. தண்ணீரில் போட்டால் தண்ணீர் மூலக்கூறுகளே கை கொடுப்பதால் சோடி பிரிந்துவிடும்.

இதே காரணத்தைக் கொதிநிலையிலும் பார்க்கலாம். புரொப்பன்-1-ஓலுக்கும் மூலர்த்திணிவு 60தான். அது 97 பாகையில் கொதிக்கும், அசற்றிக் அமிலம் 118 பாகையில். பரீட்சையில் இந்த ஒப்பீட்டை எழுதினால் திருத்துகிறவர் சந்தோஷப்படுவார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இது மென்னமிலம். 4 வீத வினாகிரியில் 200 மூலக்கூறுக்கு ஒன்றுதான் அயனாகியிருக்கும். பிரிகை மாறிலி 1.8 தர பத்தின் மறை ஐந்தாம் அடுக்கு என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பீஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூட) 2.5 அளவில் வரும். ‘மென்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். எவ்வளவு அயனாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு சுடும் என்பதை அல்ல.

செறிந்த அமிலத்தை ‘பனிக்கட்டி அசற்றிக் அமிலம்’ என்கிறார்களே, அதில் பனிக்கட்டி எங்கே? (அதே வகுப்பு, இன்னொரு பிள்ளை)

நீரில்லாத அமிலம் 16.6 பாகையில் உறைந்து பனிக்கட்டி மாதிரி ஆகும், அதனால் வந்த பெயர். யாழ்ப்பாணத்தில் மார்கழிக் குளிரிலும் அது உறையாது. நுவரெலியாவில் ஆய்வுகூட அலுமாரியில் வைத்தால் காலையில் கட்டியாக நிற்கும். நான் வகுப்பில் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் காட்டுவேன். ஊசி ஊசியாகப் பளிங்கு வளர்ந்து வரும்போது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் கள்ளு. கள்ளை வைத்துவிட்டால் புளிச்சுப் போகும். எங்களுக்குக் கைப்பழக்கம், உள்ளுக்கு என்ன நடக்கிறது பிள்ளை? (சீவல் தொழில் செய்யும் பெரியவர், வடமராட்சி)

ஐயா, நீங்கள் சொன்ன மூன்று வசனத்தில் ஒரு பாடமே இருக்கிறது.

பாளையில் இருந்து சொட்டுவது இனிப்பு நீர். அதில் சீனி பத்துப் பன்னிரண்டு வீதம் இருக்கும். காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் மதுவம் (ஈஸ்ற் என்ற நுண்ணங்கி) இருக்கிறது. அது சீனியைத் தின்று எதனோலும் (வெறிக்க வைக்கும் மதுசாரம்) காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. கள்ளின் நுரை அந்தக் காபனீரொட்சைட்டுத்தான். சுண்ணாம்பு அந்த நீரைக் காரமாக்கிவிடும். மதுவத்துக்கும் பற்றீரியாவுக்கும் அந்தக் காரத்தில் வேலை ஓடாது. சீனி சீனியாகவே நிற்கும். நீங்கள் பூசுகிற அந்த மெல்லிய வெள்ளைப் பூச்சு இரசாயனவியல் என்ற சொல் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த நல்ல இரசாயனவியல்.

மூன்றாவது கட்டம் வேறொரு பற்றீரியாவின் வேலை. அது எதனோலை எடுத்து, காற்றில் உள்ள ஒட்சிசனைச் சேர்த்து, அசற்றிக் அமிலமும் தண்ணீரும் ஆக்குகிறது. ஒட்சிசன் இல்லாவிட்டால் இது நடக்காது. அதனால்தான் இறுக்கி மூடிய போத்தலில் கள்ளு எளிதில் வினாகிரியாகாது. வாய் திறந்த பானையில் ஆகிவிடும். இந்த மாற்றத்தில் உயிருள்ள நுண்ணங்கிகளுக்குப் பங்கு உண்டு என்று 1860களில் லூயி பாஸ்ரர் காட்டினார்.

வினாகிரி வேண்டும் என்று செய்வதானால்: நன்றாக நுரைத்து அடங்கிய கள்ளை வடித்து, வாய் அகன்ற மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றுங்கள். துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். பழைய வினாகிரி கொஞ்சம் சேர்த்தால் கெதியாகப் பிடிக்கும். சில நாட்களில் மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படரும். அதைக் கலக்காதீர்கள், வேலை செய்வதே அதுதான். சில வாரங்களில் மூக்கைப் பிடிக்கும் மணம் வந்துவிடும். பிறகு வடித்து, சூடாக்கி, போத்தலில் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்கள். காற்றோடு விட்டால் அதே பற்றீரியா அமிலத்தையும் தின்னத் தொடங்கிவிடும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கிட்டவும் வேண்டாம். விற்பனைக்கென்றால் முதலில் சங்கத்தோடு பேசுங்கள். கள்ளைக் கையாளுவதற்கு மதுவரிச் சட்டம் இருக்கிறது.

செயற்கை வினாகிரியில் இருக்கிற அமிலமும் கள்ளு வினாகிரியில் இருக்கிற அமிலமும் வேறா? கண்டுபிடிக்க வழி உண்டா?

மூலக்கூறு ஒன்றே. வேறுபாடு கூட வருகிறவற்றில்தான். கள்ளு வினாகிரியில் எசுத்தர்களும் வேறு சேதன அமிலங்களும் சிறிது சிறிதாக இருக்கும். மணமும் மெதுமையான சுவையும் அவற்றால் வருகின்றன. செயற்கையானது வெறும் அமிலமும் தண்ணீரும். சாப்பாட்டுத் தரத்தில் இருந்தால் அதில் கெடுதல் இல்லை, ருசியில்தான் ஏமாற்றம்.

கண்டுபிடிக்கும் வழி மிக அழகானது. பனை தன் காபனைக் காற்றில் இருந்து எடுக்கிறது. காற்றுக் காபனில் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14 மிகச் சிறிதளவு இருக்கும். தொழிற்சாலை அமிலத்தின் காபன் வருவது இயற்கை வாயுவில் அல்லது நிலக்கரியில் இருந்து. அவை கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்ததால் காபன்-14 முழுக்கத் தேய்ந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் அளந்தால் எந்தக் காபன் என்று தெரிந்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது சுட்டியை வாசிப்பது மட்டும்தான்.

கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, சுரண்டியும் போகுதில்லை. (கோண்டாவில்)

இந்தக் கேள்வியை ஆறு பேர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்காமல் வேறெங்கே கேட்பது! குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு வெட்டிய அதே கல். மழைத் தண்ணீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது அந்தக் கல்லையும் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், கரைந்திருந்த கல் திரும்பவும் கல்லாகப் படியும். உங்கள் கேத்திலில் இருப்பது கல்சியம் காபனேற்று.

சுரண்டாதீர்கள். பாதி வினாகிரி, பாதி தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, அடுப்பை நிற்பாட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். இரைந்து நுரைக்கும். அமிலம் காபனேற்றை உடைத்துக் கரையக்கூடிய கல்சியம் அசற்றேற்று ஆக்குகிறது. ஊற்றிவிட்டு, இரண்டு தரம் வெறும் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினால் மணமும் போய்விடும். தேசிக்காய்ப் புளியும் இதைச் செய்யும், அதன் அமிலம் சித்திரிக் அமிலம். அலுமினியக் கேத்திலில் நீண்ட நேரம் விடக் கூடாது. மாபிள் தரையிலும் சீமெந்துத் தரையிலும் ஊற்றவே கூடாது. அவையும் அமிலத்துக்குக் கரைகிறவை.

இனி முக்கியமான விஷயம். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளையோ, உடுப்பு வெளுக்கிற திரவத்தையோ வினாகிரியோடு சேர்க்காதீர்கள். ‘இரண்டும் துப்புரவாக்கும், சேர்த்தால் இன்னும் நல்லது’ என்று கழிவறையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலம் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைச் சேதப்படுத்தும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றதை எடுங்கள்.

மீன் தொட்டிக்கு ஒட்டிய சிலிக்கன் பசை வினாகிரி மாதிரி மணக்கிறது. பழுதா?

பழுதில்லை. அந்த வகைச் சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளியே விடுகிறது. மணம் முழுதாகப் போகும்வரைக்கும் பொறுத்து, தண்ணீர் நிரப்பி ஊற்றிவிட்டு, பிறகு மீன் விடுங்கள். பூஞ்சணம் பிடிக்காத மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கனை மீன் தொட்டிக்குப் போடாதீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பசை நல்லது. இரும்பிலும் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கத்திலும் போட்டால் அந்த அமிலமே அரித்துவிடும்.

உலகத்தில் இவ்வளவு அமிலம் யாருக்கு வேண்டும்? வடக்கில் ஒரு தொழிற்சாலை போட முடியாதா? (சுன்னாகம், தச்சுத் தொழில் செய்யும் தம்பி)

வருடத்துக்கு ஒன்றரைக் கோடி தொன்னுக்கு மேல் செய்கிறார்கள் தம்பி. அதில் வினாகிரிக்குப் போவது மிகச் சிறிய பங்கு. பெரிய பங்கு உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. மரத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசை பொலிவைனைல் அசற்றேற்று. எதிலீனையும் அசற்றிக் அமிலத்தையும் ஒட்சிசனையும் பலேடியம் ஊக்கியில் (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) சேர்த்து வைனைல் அசற்றேற்று செய்து, அதைச் சங்கிலியாக்கினால் வருவது அது. சுவருக்கு அடிக்கிற எமல்சன் பெயின்ற் பலவற்றிலும் அதே சங்கிலிதான். தண்ணீர் பட்டால் இளகும் என்பதால் வெளி யன்னலுக்கு அந்தப் பசையை நம்ப வேண்டாம், அதை நீங்களே அறிவீர்கள்.

அடுத்தது தண்ணீர்ப் போத்தலும் பொலியெசுத்தர்த் துணியும். அவற்றுக்கு வேண்டிய தெரப்தலிக் அமிலத்தைச் செய்வது சூடான அசற்றிக் அமிலம் நிரம்பிய கலனுக்குள்ளேதான். அங்கே இது கரைப்பான். பிறகு அசற்றிக் நீரிலி, அதாவது இந்த அமிலத்தில் இருந்து நீரை நீக்கினால் வருவது. அதை வைத்து அஸ்பிரின், பரசிற்றமோல், செலுலோசு அசற்றேற்று. நகப்பூச்சில் மணக்கும் எதைல் அசற்றேற்றும் இதன் பிள்ளை. றப்பர்ப் பாலை உறைய வைக்கவும் இது உதவும், ஆனால் இப்போது போமிக் அமிலத்தைத்தான் கூடுதலாக எடுக்கிறார்கள்.

செய்யும் முறை 1970இல் தலைகீழாக மாறியது. மெதனோலையும் காபனோரொட்சைட்டையும் ரோடியம் ஊக்கியோடு நேரே சேர்க்கும் முறையை மொன்சாந்தோ நிறுவனம் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. 1996இல் பிபி நிறுவனம் ரோடியத்துக்குப் பதில் இரிடியத்தைப் போட்டு இன்னும் சிக்கனமாக்கியது. ஒரு மூலக்கூறோடு இன்னொன்று சேர்கிறது, கழிவு மிகக் குறைவு. எனக்குத் தெரிந்த தொழிற்சாலைத் தாக்கங்களில் இதைவிடச் சுத்தமானது அதிகமில்லை.

வடக்கில்? பரந்தனில் உப்பில் இருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை எங்களிடம் இருந்தது. போரோடு நின்றுபோயிற்று. அது நினைவில் இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது என்று விளங்குகிறது. உப்பு எங்கள் நிலத்தில் இருந்ததால் பரந்தன் சாத்தியமானது. அசற்றிக் அமிலத்துக்கு மலிவான மெதனோல் வேண்டும், அதற்கு இயற்கை வாயு வேண்டும். மன்னார்க் கடலில் 2011இல் வாயு கண்டார்கள், எடுத்தபாடில்லை. என் எண்ணத்தில் எங்களுக்குப் பொருந்துவது பனங்கள்ளு வினாகிரி. தொன் கணக்கில் வராது. ஆனால் மூலப்பொருள் வேலியோரம் நிற்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்ப அச்சாறு போடுகிறேன். சில போத்தல் நுரைத்துவிடுகிறது. (சாவகச்சேரி)

தங்கச்சி, வினாகிரியில் தண்ணீர் சேர்க்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மாங்காயும் வெங்காயமும் தாங்களே தண்ணீர் விடும். 4 வீதம் என்று ஊற்றியது இரண்டு நாளில் 2 வீதமாகிவிடும். நுரைப்பது மதுவம் உயிரோடு இருப்பதன் அடையாளம். காய்களை உப்பிட்டு நீரை வடித்து வெயிலில் வாட்டுங்கள், வினாகிரியைக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள், போத்தலையும் அவித்தெடுங்கள். ஒரு கிழமை கழித்துப் பீஎச் பாருங்கள். 4.6க்கு மேல் போனால் பொட்டுலினம் என்ற கொடிய பற்றீரியா வளர இடமுண்டு. நீங்கள் 4க்குக் கீழே வைத்திருங்கள். பீஎச் மானி ஒன்று வாங்கிவிடுங்கள், அந்தக் காசு வீண்போகாது. நுரைத்த போத்தலை எவருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டிலும் எடுக்காதீர்கள்.

வெங்காயப் பாத்தியில் களைக்கு வினாகிரி அடிக்கலாமா?

முளைத்து இரண்டு இலை விட்ட களை கருகும். கோரைக்கு இலைதான் கருகும், கிழங்கு அடுத்த கிழமை திரும்ப முளைக்கும். வெங்காயத் தாளில் பட்டால் அதுவும் கருகும். பாத்திக்குள் வேண்டாம், ஒழுங்கை ஓரத்துக்கு அடிக்கலாம்.

அப்பா ஸ்ரூடியோ வைத்திருந்தவர். 95 இடப்பெயர்வில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த தகரப் பெட்டி நிறைய நெகற்றிவ் இருக்கிறது. இப்போது திறந்தால் வினாகிரி மணம் மூக்கில் அடிக்கிறது. யாரோ ஊற்றிவிட்டார்களா? (நல்லூர்)

ஒருவரும் ஊற்றவில்லை அண்ணை. அந்த மணம் படச்சுருளில் இருந்தே வருகிறது.

பழைய நைத்திரேற்றுச் சுருள் பயங்கரமாக எரியக்கூடியது என்பதால், அதற்குப் பதிலாகச் செலுலோசு அசற்றேற்றுச் சுருள் வந்தது. ஓரத்தில் ‘சேஃப்ற்றி’ என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். செலுலோசோடு அசற்றிக் அமிலத்தின் கூறுகளைப் பிணைத்துச் செய்த பிளாஸ்ரிக் அது. சூட்டிலும் ஈரத்திலும் அந்தப் பிணைப்பு மெல்ல மெல்ல அறுந்து, அமிலம் திரும்பவும் அமிலமாகவே வெளிவருகிறது. வெளிவந்த அமிலமே மிச்சப் பிணைப்புகளை அறுக்கவும் உதவுகிறது. அதனால் தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் கெடும். மூடிய தகரப் பெட்டியில் ஆவி வெளியேற முடியாமல், நன்றாக இருந்த சுருள்களையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் காலநிலையும் அதற்கு நல்ல துணை.

போன பிணைப்பைத் திருப்பிக் கட்ட முடியாது. ஆனால் படம் இருப்பது மேலே பூசிய ஜெலற்றினில் உள்ள வெள்ளியில். அது இன்னும் நிற்கிறது. ஆகவே பெட்டியை முதலில் காற்றோட்டமான இடத்தில் திறந்து வையுங்கள். சுருள்களை ஒவ்வொன்றாக மணந்து பிரியுங்கள். மணக்காதவை ஒரு பக்கம், மணக்கிறவை ஒரு பக்கம், சுருங்கி வளைந்தவை இன்னொரு பக்கம். பிளாஸ்ரிக் உறையை எடுத்துவிட்டுக் கடுதாசி உறையில் போடுங்கள். யாருடைய படம், எந்த வருடம் என்று தெரிந்ததை உறையில் பென்சிலால் எழுதுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம், அப்பச்சோடா தூவவும் வேண்டாம்.

ஸ்கான் பண்ணத் தொடங்குவது கடுமையாக மணந்தும் இன்னும் தட்டையாக இருக்கிறவற்றில் இருந்து. வளைந்து ஜெலற்றின் உரியத் தொடங்கினால் பிறகு படமெடுப்பது மிகக் கடினம். ஸ்கானர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளை வெளிச்சம் காட்டுகிற ரப்லெற் திரைக்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, அதன் மேல் சுருளை வைத்துக் கைத்தொலைபேசியால் எடுத்தாலும் முகங்கள் கிடைக்கும். படமெடுத்த பிறகு, நல்லவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இரட்டைப் பைக்குள் இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தால் பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் எத்தனை வீட்டுக் கல்யாணம், எத்தனை அடையாள அட்டைப் படம் இருக்குமோ தெரியாது. அவற்றில் சிலருக்கு வேறு படமே மிஞ்சியிருக்காது. வருகிற ஞாயிறு பெட்டியை வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள் அண்ணை. பெரிய மேசை இருக்கிறது, யன்னல்கள் இருக்கின்றன. உயர்தரப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிவருகிறேன். பிரிக்கிற வேலையை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.